கண்மாய்க்கரையில் ஓடிய கார்

கூழாங்குளத்தில் நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதையை நான் சொல்ல வேண்டி வந்திருக்காது. ஒச்சப்பன், பெத்தணன், சங்கிலி, கருத்தபாண்டி என்று பெயர்கள். ஒச்சப்பன் பேசுவான், மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள். கார் ஓட்டுவது சங்கிலி. அவனிடம் மட்டும்தான் லைசென்ஸ் இருந்தது. கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

பழைய சொந்தக்காரர் கட்டியிருந்த இன்ஷூரன்ஸ் ஆடி மாதத்தோடு முடிந்தது. ஏஜென்ட் வைரமணி அம்மா வீடு தேடி வந்து பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

“ரெண்டு வகை இருக்குங்க. ஒண்ணு, நீங்க யாரையாச்சும் இடிச்சுட்டா அடிபட்ட ஆளுக்குக் கம்பெனி நஷ்டஈடு குடுக்கும். இன்னொண்ணுல ஒங்க காருக்கும் சேத்துக் குடுக்கும். காருக்கு எடுக்கறது ஒங்க இஷ்டம். அடுத்தவருக்கு எடுக்கறது கட்டாயம். அது இல்லாம காரை ரோட்டுல எறக்கவே கூடாது.”

அவர் போனதும் நால்வரும் காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை நடத்தினார்கள்.

“இடிபடப் போறவன் யாருன்னே தெரியல. முன்னபின்ன தெரியாதவனுக்கு நாம எதுக்குக் கட்டணும்?” என்றான் ஒச்சப்பன்.

“கட்டிட்டு யாரையுமே இடிக்கலைன்னா?” என்றான் பெத்தணன்.

“அதாம் மாப்ளே ஆபத்து. கட்டுனது வீணாகுதேன்னு மனசு அடிச்சுக்கும். எவனையாச்சும் இடிச்சாத் தேவலைன்னு தோணும். கட்டாம இருக்கறதுதான் ஊர் சனத்துக்குப் பாதுகாப்பு.”

“ரோட்டுல எறக்கக் கூடாதுன்னுச்சே அந்தம்மா?” என்றான் சங்கிலி.

“ரோட்டுலதான எறக்கக் கூடாது?”

மறுநாளிலிருந்து கார் கண்மாய்க்கரையில் ஓடியது. கரையில் துணி காயப்போட்டவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆடுகள் தண்ணீருக்குள் இறங்கி நின்றன. டவுனுக்குப் போக இரண்டு ஓடை, ஒரு கரும்புத் தோட்டம், ஒரு செங்கல் சூளை தாண்ட வேண்டியிருந்தது. சட்டத்தை இவ்வளவு கஷ்டப்பட்டு மதித்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

ஆனால் அந்தக் கரை ஓரிடத்தில் தார்ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கும் ஒச்சப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

“அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்காம ஒரே மூச்சுல தாண்டிரு. தாண்டுனா, எறக்குனதா ஆகாது.”

சங்கிலி ஒரே மூச்சில் தாண்டினான். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்தார் சவரிராஜ். கிணற்றில் இறங்கித் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர் அவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது கால் முறிந்தது.

“ஐயோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கய்யா!” என்று கதறினார்.

“கொண்டுபோகலாம்ணே. ஆனா ஆஸ்பத்திரிக்கு ரோட்டு வழியாத்தான போகணும்?” என்றான் சங்கிலி, மிகுந்த வருத்தத்தோடு.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து, நால்வரையும் திட்டித் தீர்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அந்தத் திட்டில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை என்பது என் கருத்து.

போலீஸ் இரண்டு வண்டிகளையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தியது. காலுக்குள் பிளேட் வைக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குக் கிணறு பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். சவரிராஜின் மனைவி பிலோமினா ஏட்டையாவிடம் கேட்டார்.

“கேஸ் போட்டா நஷ்டஈடு கெடைக்குமாய்யா?”

“போடும்மா, ஒங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா காருக்கு இன்ஷூரன்ஸ் இல்ல. கோர்ட்டே தீர்ப்புச் சொன்னாலும் குடுக்கறதுக்குக் கம்பெனி கெடையாது. இந்த நாலு பேருகிட்டதான் வசூல் பண்ணணும்.”

பிலோமினா அந்த நாலு பேரையும் பார்த்தார். அவர்களுடைய மொத்த ஆஸ்தியே அந்தக் கார்தான். அதுவும் மூஞ்சி நசுங்கி ஸ்டேஷனில் நின்றது. இவர்கள் ஒரு காகிதம் வாங்காமல் விட்டதற்கு, எவர் வீட்டு அடுப்போ அணைகிறது. எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுதினால் அச்சில் போடமாட்டார்கள்.

பிலோமினா அழுவதைப் பார்த்ததும் நால்வருக்கும் மனம் இளகியது. அதுதான் வினையாகப் போயிற்று. நேராக வைரமணியிடம் ஓடி, இருந்ததைப் புரட்டிப் பாலிசி எடுத்தார்கள்.

“இப்ப எடுத்து என்னங்க பிரயோஜனம்?” என்று தலையில் அடித்துக்கொண்டார் வைரமணி. “நடந்து முடிஞ்ச விபத்துக்கு இது செல்லாது. இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல நடக்கற விபத்துக்குத்தான் செல்லும்.”

நால்வர் முகமும் மலர்ந்தது.

மறுநாள் திராட்சைப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

“அண்ணே, இனிமே கவலைய விடுங்க,” என்றான் ஒச்சப்பன். “இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு. நாளைக்குக் காலைல எட்டரைக்கு அதே எடத்துக்கு வந்துருங்க. முறைப்படி இடிச்சிர்றோம்.”

“யோவ், ஒடஞ்ச கால மறுபடி எப்படிய்யா ஒடைப்பீங்க?” என்று அலறினார் சவரிராஜ்.

நால்வரும் வராந்தாவுக்குப் போய்க் கூடிப் பேசிவிட்டுத் திரும்பினார்கள்.

“நீங்க கேட்டது நியாயம்ணே,” என்றான் கருத்தபாண்டி. “அதனால எடது காலுன்னு முடிவு பண்ணிருக்கோம்.”

திராட்சை பையோடு பறந்து வந்து அவன் மூக்கில் விழுந்தது.

“பாவம், அவரு உரிமை என்னன்னு அவருக்கே தெரியல,” என்றான் ஒச்சப்பன், படியிறங்கும்போது. “போலீஸ்ல சொல்லித்தான் வாங்கிக் குடுக்கணும்.”

அன்று மாலை ஏட்டையாவின் மேசைக்கு ஒரு மனு வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் காருக்குத் தற்சமயம் இன்ஷூரன்ஸ் இருப்பதாலும், கார் தங்கள் வசம் இருப்பதாலும், அடிபட்ட சவரிராஜ் அவர்கள் எழுந்து வர முடியாத நிலையில் இருப்பதாலும், நாளை காலை எட்டரை மணிக்குத் தாங்களே காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிச் சென்று, பதினொன்றாம் நம்பர் கட்டிலில் இருக்கும் அன்னாரை இடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வார்டு வாசலை அளந்து பார்த்துவிட்டோம். பக்கக் கண்ணாடியை மடக்கினால் கார் நுழையும்.”