காவலர் மாற்றத்தைக் கண்டிக்கிறோம்

உடைமையும் அறிவும் எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது பனையடிக்குளம் நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தின் கொள்கை. உடைமை கடைசிவரை கைக்கு வரவில்லை. இருந்த அறிவை மட்டும் பங்கிட்டுப் பார்த்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம்தான் தேறியது.

சங்கத்தில் மிஞ்சியிருந்தது நாலு பேர். தலைவர் மாடக்கண்ணு, செயலாளர் உலகுமணி, பொருளாளர் சங்கரபாண்டி, உறுப்பினர் இருளாண்டி. மற்றவர்கள் எல்லாம் முதலாளியோடு கைகுலுக்கிவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். ஆலையும் மூடிக் கல்யாண மண்டபமாகிவிட்டது. அதனால் என்ன? முகூர்த்த நாள் தவறாமல் நாலு பேரும் மண்டப வாசலில் நின்று போனஸ் கேட்பார்கள். போனஸ் வராது. பந்தியில் உட்காரச் சொல்லி ஆள் வரும். வயிறாரச் சாப்பிட்டு, "போராட்டம் தொடரும்" என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மாடக்கண்ணுவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. மீசை முளைத்த வயதில் பிடித்த கொடி. மீசை வெளுத்தும் ஒரு கோரிக்கைகூட ஜெயித்ததில்லை. கழிப்பறைக்குக் கதவு கேட்டார், கழிப்பறையையே இடித்தார்கள். கேன்டீன் இட்லி கல்லாக இருக்கிறது என்றார், கேன்டீனை மூடினார்கள். "சின்னதா ஒண்ணு. ஒரே ஒண்ணு ஜெயிச்சாப் போதும்வே. அதுக்கப்புறம் நிம்மதியாக் கண்ணை மூடிருவேன்" என்பார்.  மற்ற மூவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவர்கள் வட ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிய கதை சுருக்கமானது. சங்கக் கொடிக்குச் சிவப்புத் துணி எடுக்க ஆடித் தள்ளுபடிக்குப் போனார்கள். துணியோடு கூப்பன் ஒன்று கொடுத்தார்கள். குலுக்கலில் முதல் பரிசு விழுந்தது. நாலு பேருக்குக் கப்பல் பயணம், பழம்பெரும் துறைமுக நகரங்கள், வழிகாட்ட நாகர்கோவில் பெண் பெனிட்டா. பாவம், எந்த ஜென்மத்துப் பாவமோ அவளுக்கு.

முதல் ஊர் கோபன்ஹேகன். இறங்கும்போதே பெனிட்டா கண்டிப்பாகச் சொன்னாள். "யாரும் என் கண்ணை விட்டு மறையக் கூடாது, ஐயா."

நாலு பேரும் அவள் கண்ணுக்கு ஒரு முழம் முன்னால் வரிசையாக நின்று, அவளையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். அவள் இடது பக்கம் எட்டிப் பார்த்தால் இடது பக்கம் நகர்ந்தார்கள். வலது பக்கம் எட்டிப் பார்த்தால் வலது பக்கம். அந்த ஊரில் மனிதரைவிட சைக்கிள் அதிகம். மூன்று சைக்கிள்காரர்கள் விழுந்த பிறகு, "கொஞ்சம் மறைஞ்சாலும் பரவாயில்லை" என்று பெனிட்டா கைகூப்பினாள்.

அடுத்தது ஸ்டாக்ஹோம். பழைய நகரத்தின் குறுகிய தெருக்களைக் காட்டி, "கால் போன போக்குல நடந்து பாருங்க, அதுதான் அழகு" என்றாள்.

"கால் போன போக்குன்னா, கண்ணு குறுக்க வரக் கூடாதுல்லா?" என்றார் உலகுமணி. நியாயமான சந்தேகம். நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார்கள். திறந்து பார்த்தபோது ஒரு மாதா கோயிலுக்குள் இருந்தார்கள். எதிரே பெண்ணும் மாப்பிள்ளையும். கல்யாணம். பழக்க தோஷத்தில் நாலு பேரும் வாசலுக்குப் போய் நின்று போனஸ் கேட்டார்கள். கேக் கொடுத்தார்கள். "உலகம் பூராவும் முதலாளி ஒரே மாதிரிதான்" என்று மாடக்கண்ணு வாயைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை கப்பல் கிழக்கே திரும்பியது. பெனிட்டா சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். "நாளைக்குப் போற ஊர்ல நேரம் வேற. எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்திக்குங்க."

மாற்றிக்கொண்டார்கள். மாடக்கண்ணு தன்னுடையதை இருளாண்டிக்குக் கொடுத்து அவனுடையதைக் கட்டிக்கொண்டார். உலகுமணியும் சங்கரபாண்டியும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் ஆகிவிட்டதா என்று யாருடைய கடிகாரத்தில் பார்ப்பது? கொடுத்த கடிகாரத்திலா, வாங்கிய கடிகாரத்திலா? விவாதம் முடியவில்லை. கடிகாரங்கள் கை மாறியபடியே இருந்துவிட்டன.

மூன்றாவது ஊரின் பெயரில் நாலு மெய்யெழுத்து அடுத்தடுத்து வந்தது. வாயில் நுழையவில்லை என்பதால் 'மூணாவது ஊர்' என்றே வைத்துக்கொண்டார்கள். கோட்டைச் சுவர், ஊசிக் கோபுரங்கள், கல் பாவிய சதுக்கம். அரண்மனை வாசலில் ஒரு மரக்கூண்டு, அதன் முன்னால் கரடி மயிர்த் தொப்பியோடு ஒரு காவலர். மூக்கு நுனியில் மரு. ஆள் அசையவில்லை.

"பன்னிரண்டு மணிக்குக் காவலர் மாற்றம். நூறு வருஷமா ஒரு நாள் தவறினதில்லை. பார்த்துட்டு அஞ்சு மணிக்குள்ள கப்பலுக்கு வந்துருங்க. சங்கு ஊதிட்டா யாருக்காகவும் நிக்காது" என்று சொல்லிவிட்டு பெனிட்டா ஒரு காபி குடிக்கப் போனாள்.

மாடக்கண்ணுவின் முகம் மாறியது. "மாற்றமா?"

"அப்படித்தான் சொல்லுது அந்தப் பிள்ளை" என்றார் சங்கரபாண்டி. "எங்க மாத்துதாங்களாம்?"

"எங்க மாத்தினா என்னவே? மாத்துறதுன்னாலே பழிவாங்குறதுதான். நூல் பிரிவுல இருந்த என்னையக் கழிவுப் பஞ்சுக் கிட்டங்கிக்கு மாத்தினானே, அது என்ன பதவி உயர்வா?"

"நூறு வருஷமா தினம் ஒருத்தனை மாத்துதாங்க. இந்த ஊர்ல சங்கமே கிடையாதோ?" என்றார் உலகுமணி.

அப்போது மேளம் கேட்டது. ஒரு படை வந்தது. அதிகாரி ஒருவன் மருக்காரன் மூஞ்சிக்கு நேராகக் கத்தினான். மருக்காரன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இடத்தைக் காலி செய்தான். செம்பட்டை மீசைக்காரன் ஒருவன் அங்கே வந்து நின்றான். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது.

மாடக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டுன்னு சொல்லிட்டுப் பதினோரு மணிக்கே மாத்திட்டானுங்க பாத்தீங்களா! ஒருத்தன் வயித்துல அடிக்கான், இந்த ஜனம் கைதட்டுது!"

பிறகு செம்பட்டை மீசையைப் பார்த்து, நெஞ்சில் இருந்த கசப்பெல்லாம் திரள, அந்தச் சொல்லைச் சொன்னார். "கருங்காலி!"

செம்பட்டை மீசை கண் சிமிட்டவில்லை.

துண்டை விரித்துக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கொடி பையில் இருந்தது. குடைக்கம்பில் கட்டி இருளாண்டியிடம் கொடுத்தார் தலைவர். "ஏலே, இந்தக் கூண்டுப் பக்கத்துல நில்லு. நான் சொல்ற வரைக்கும் இமைகூட ஆடக் கூடாது." இருளாண்டி நின்றான். இமை ஆடவில்லை. சுற்றுலா வந்த சீனாக்காரர்கள் காவலரோடும் இருளாண்டியோடும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கோஷம் கிளம்பியது. மருக்காரனை மீண்டும் வேலையில் அமர்த்து! தொண்டை வறண்டபோது சங்கரபாண்டி கேட்டார். "தலைவரே, இந்தக் கருங்காலி ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கான்?"

"மனசாட்சி உறுத்துதுவே. எப்படிப் பேசுவான்?"

இப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று. மறுபடி மேளம். படை வந்தது. அதிகாரி கத்தினான். செம்பட்டை மீசை விலகினான். அந்த இடத்தில் வந்து நின்றவனின் மூக்கு நுனியில் மரு!

மாடக்கண்ணு எழுந்தார்.  மருக்காரனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஜெயிச்சுட்டோம்... ஜெயிச்சுட்டோம்வே..." கழிவுப் பஞ்சுக் கிட்டங்கியில் உட்கார்ந்து எத்தனையோ முறை நினைத்துப் பார்த்த வார்த்தை அது. உலகுமணியும் சங்கரபாண்டியும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். இருளாண்டியும் அழுதான். இமை மட்டும் ஆடவில்லை.

கிளம்பியிருக்கலாம். சங்கரபாண்டிக்கு அப்போதுதானா சந்தேகம் வரவேண்டும்?

"தலைவரே, செம்பட்டை மீசையை இப்ப மாத்திட்டாங்களே. அவன் கதி?"

"அவன் கருங்காலி."

"கருங்காலிக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்லா?"

மூவரும் யோசித்தார்கள். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. மறுபடி துண்டை விரித்தார்கள்.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் செம்பட்டை மீசை திரும்ப வந்தான். இரண்டாவது வெற்றி! ஆனால் மருக்காரனை மறுபடி மாற்றிவிட்டார்கள். "பிரிச்சு ஆளுற சூழ்ச்சி" என்று பல்லைக் கடித்தார் மாடக்கண்ணு. "ஒருத்தனைக் கொடுத்து ஒருத்தனை எடுக்கான். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒப்பந்தம் போடாம எந்திரிக்க மாட்டேன்."

துறைமுகப் பக்கமிருந்து நீளமாகச் சங்கு ஊதியது.

"தலைவரே, சங்கு" என்றார் உலகுமணி.

மாடக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தார். நாலுகூட ஆகவில்லை. "ஊதட்டும். ஆலைச் சங்குக்கே பயந்து நாம எந்தக் காலத்துல உள்ள போயிருக்கோம்?"

உண்மைதான். மறுபடி ஊதியது. மூவரும் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார்கள்.

பெனிட்டா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயா! ஊரெல்லாம் தேடிட்டேன்! விட்ட இடத்துலயே இருப்பீங்கன்னு நினைக்கலையே! கப்பல் உங்களுக்காக நிக்குது! எந்திரிங்க!"

"கோரிக்கை நிறைவேறட்டும், தாயி."

"என்ன கோரிக்கை?"

சொன்னார்கள். பெனிட்டா தலையில் கைவைத்துக்கொண்டு கல்தரையிலேயே உட்கார்ந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நெட்டைப் போலீஸ்காரரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். திரும்பி வந்தாள்.

"நிர்வாகம் இறங்கி வந்துட்டாங்க, ஐயா. ரெண்டு பேருக்கும் வேலை உண்டு. ஆளுக்கு ரெண்டு மணி நேரம் முறை வச்சு நிப்பாங்க. ஒருத்தர் நிக்கும்போது மத்தவருக்கு ஓய்வு."

"ஓய்வுக்குச் சம்பளம்?"

"முழுச் சம்பளம்."

மாடக்கண்ணு மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். இரண்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேர ஓய்வு, முழுச் சம்பளம். உலகத்தில் எந்தச் சங்கம் வாங்கியிருக்கிறது? போலீஸ்காரர் வந்து கைகொடுத்தார். மாடக்கண்ணு நிமிர்ந்து நின்று, சமமானவர் போலக் கைகுலுக்கினார்.

பெனிட்டா அவர்களை டாக்சியில் தள்ளினாள். முன்னால் ஏறி உட்கார்ந்து, திரும்பாமலே கத்தினாள். "உள்ள எல்லாரும் இருக்கீங்களா?"

"உள்ள இருக்கவங்க எல்லாரும் இருக்கோம்" என்றார் உலகுமணி.

யாருக்காகவும் நிற்காத கப்பல் அன்று முக்கால் மணி நேரம் நின்றது. நிஜமாகவே ஜெயித்தது அது ஒன்றைத்தான். அதை மட்டும் அவர்கள் கவனிக்கவில்லை.

கப்பல் நகர்ந்ததும் மேல்தளத்தில் வெற்றிக் கூட்டம். தலைவர் பேசினார். செயலாளர் வழிமொழிந்தார். பொருளாளர் நன்றி சொன்னார். கைதட்டல் வரவில்லை.

கைதட்டுவது உறுப்பினரின் வேலை.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கப்பல் கோட்டைச் சுவரை ஒட்டி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஊசிக் கோபுரத்தில் மணி அடித்தது. கரையோரச் சாலையில் மேளம் முழங்க ஒரு படை போனது. முன்னால் அதிகாரி. நடுவில் செம்பட்டை மீசை. கடைசியில், வேட்டியை மடித்துக் கட்டி, குடைக்கம்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, இமை ஆடாமல் இருளாண்டி.

"ஐயோ தலைவரே! நம்ம ஆளையும் மாத்திட்டாங்க!" என்று அலறினார் சங்கரபாண்டி.

பெனிட்டா வீறிட்டபடி கேப்டனைத் தேடி ஓடினாள்.

"நம்ம ஆள் என்னவே நம்ம ஆள்?" என்றார் உலகுமணி. "சங்கத்துல இருந்த ஒரே உறுப்பினர். இப்ப நாம யாருக்கு நிர்வாகி?"

மாடக்கண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"பதறாதீங்க. ஒப்பந்தம் எதுக்குப் போட்டோம்? ரெண்டு மணி நேரம் ஓய்வு. அப்புறம் அவனை அதே இடத்துல கொண்டாந்து நிறுத்தித்தான் ஆகணும். முழுச் சம்பளத்தோட."

"நிறுத்தாம விட்டுட்டா?" என்றார் உலகுமணி.

"அதெப்படி? என் கடிகாரம் அவன் கையிலல்லா இருக்கு. ஒரு மணி நேரத்துக்குத்தான மாத்தினோம்? திருப்பித் தராம எங்க போயிருவான்?"

சங்கரபாண்டி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "சரி தலைவரே, ரெண்டு மணி நேரத்துல அவன் வந்து நிக்கான். அடுத்த ரெண்டு மணி நேரத்துல மறுபடி மாத்திருவானே?"

"மாத்தட்டும்வே" என்றார் மாடக்கண்ணு, வெளுத்த மீசையை முறுக்கிக்கொண்டு. "அதுக்கடுத்த ரெண்டு மணி நேரத்துல மறுபடி ஜெயிப்போம்!"

இருவரும் கைதட்டினார்கள்.