எருக்கம்பால் வாங்கிய குச்சிப்பூச்சி

மரம் மட்டை, பூச்சி பொட்டு எல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், குச்சிப்பூச்சியிடம் ஓர் ஆயுதமும் கிடையாது. ஆடாமல் அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். யாராவது காலைப் பிடித்தால் காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அடுத்த முறை சட்டை உரிக்கும்போது அந்தக் கால் மறுபடி முளைக்கும். இது தெரிந்ததும் ஊருக்கே விளையாட்டாகிப் போனது. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரு காலைப் பிடுங்கினான். "முளைக்கும்ல, விடு" என்பார்கள். முளைக்கும் என்றால் பிடுங்கலாமா? தலைமுடியும்தான் முளைக்கிறது. அவர்கள் குடுமியை யாராவது பிடுங்கினார்களா?

ஒச்சம்மா மலையடிவாரத்தில் விறகு பொறுக்கி விற்கிறவள். ஒருநாள் கொய்யா மரத்தடியில் பொறுக்கி வந்த சுள்ளியை அடுப்பில் வைக்கப் போனாள். சுள்ளி பேசியது.

"அக்கா, நான் விறகில்ல."

பார்த்தால் குச்சிப்பூச்சி. ஆறு காலில் மூன்றுதான் மிச்சம். ஒச்சம்மா அதை அடுப்பைவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"எந்தக் கட்டையில போறவன் இப்படிப் பண்ணினான்?"

"ஒருத்தன்னா பேரு சொல்லலாம்" என்றது பூச்சி.

அன்றிலிருந்து அதை அவளே வளர்த்தாள். உயரமான கூடை ஒன்றை எடுத்து, வாயில் மெல்லிய துணியைக் கட்டினாள். உள்ளே ஒரு கலயத்தில் தண்ணீர் ஊற்றிக் கொய்யாக் கொப்பைச் செருகினாள். பூச்சி தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்று கலயத்தின் வாயைப் பஞ்சால் அடைத்தாள். தூக்க வேண்டுமென்றால் முதுகைப் பிடிக்க மாட்டாள். முன்னால் ஒரு குச்சியை நீட்டுவாள், அதுவாக ஏறிக்கொள்ளும்.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா" என்றது பூச்சி. "கடைசிச் சட்டை உரிக்கப் போறேன். இதுல முளைச்சாத்தான் காலு, இதுக்கப்புறம் கிடையாது. தலைகீழாத் தொங்குவேன். அப்பத் தொட்டா விழுந்திருவேன். விழுந்தா உசுரே போயிரும்."

"எவன் தொடுறான்னு பார்த்துருவோம்" என்றாள் ஒச்சம்மா.

ஒருவன் இருந்தான். அந்த ஊர் மணியக்காரர் தவசி. எனக்கு அந்த ஆளைக் கதையில்கூடப் பிடிக்காது. பக்கத்து ஊரிலிருந்து அவர் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட வேண்டுமாம்.

"ஏ ஒச்சம்மா, நாளைக்குக் காலையில சம்பந்தக்காரங்களோட வாரேன். அந்தப் பூச்சியை எடுத்து வை. காலு கழலுறதை அவங்களும் பாக்கட்டும்."

"அது சட்டை உரிக்கிற நேரம் ஐயா. தொடக் கூடாது."

"குச்சிக்கு என்ன கூடும், கூடாது?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கூடைக்குள்ளிருந்து பூச்சி கேட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, இத்தனை நாளும் அசையாம நின்னு என்னத்தைக் கண்டேன்? என்னை எருக்கஞ்செடிகிட்டக் கொண்டு போ" என்றது.

ஊர் எல்லையில் எருக்கு நின்றது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்த செடி, யாருக்கும் பயப்படாத செடி. பூச்சி அதனிடம் அதன் பாலில் ஒரு சொட்டு கேட்டது.

"தாரேன்" என்றது எருக்கு. "ஆனா என் பாலுக்குக் கண்ணு கிடையாது. கிட்ட வந்த மூஞ்சி எதுன்னு அது பாக்காது. உனக்கு இலை போடுறவ மூஞ்சியும் ஒண்ணுதான், மணியக்காரன் மூஞ்சியும் ஒண்ணுதான். சம்மதமா?"

பூச்சி ஒச்சம்மாவைப் பார்த்தது.

"குடு" என்றாள் ஒச்சம்மா. "என் மூஞ்சியை நான் பாத்துக்கிடுறேன்."

எருக்கு ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தது. பூச்சி அந்தப் பாலைக் குடித்துக் கழுத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியது.

மறுநாள் காலை பூச்சி கொப்பில் தலைகீழாகத் தொங்கியது. பாதி உடம்பு சட்டைக்கு வெளியே, பாதி உள்ளே. அந்த நேரம் பார்த்துத் தவசி சம்பந்தக்காரர்களோடு வந்துவிட்டார். ஒச்சம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் துணியை அவிழ்த்து, குனிந்து, கூடைக்குள் முகத்தை விட்டு விரலை நீட்டினார். அவரைத் தடுக்கிற வேகத்தில் ஒச்சம்மாவும் குனிந்துவிட்டாள்.

பூச்சி பீய்ச்சியது. இரண்டு முகத்திலும் பட்டது.

தவசி அலறிக்கொண்டு துண்டால் கண்ணைத் தேய்தேய் என்று தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க எரிச்சல் கூடியது. ஒச்சம்மாவுக்கும் கண் தீயாய் எரிந்தது, ஆனால் அவள் கசக்கவில்லை. எருக்கம் புதரில் நடமாடுகிறவளுக்கு அது தெரியாதா? குடத்தை எடுத்துக் கண்ணைத் திறந்து வைத்துத் தண்ணீரை ஊற்றினாள். குடம் தீர்ந்ததும் ஓடைக்குப் போய் வெகுநேரம் கழுவினாள். பிறகு நேரே வைத்தியர் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் பார்வை தெளிந்தது.

மூன்றாம் நாள் தவசி வீங்கிய கண்ணோடு ஊரைக் கூட்டி, "அதைத் தீயில போடுங்க" என்றார்.

ஒச்சம்மா கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "போடலாம். எடுக்குறவர் வாங்க. வரும்போது மூஞ்சியையும் கொண்டு வாங்க" என்றாள்.

ஒருவரும் வரவில்லை. ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து கலைந்து போனார்கள்.

கூட்டம் போன பிறகுதான் பூச்சி வாய் திறந்தது. அதற்கு இப்போது ஆறு காலும் இருந்தது. "அக்கா, உன்னையும் அடிச்சிட்டேன்."

"அடிச்சே. கூடைக்குள்ள தலையை விட்டது நான். நீ எவனுக்கும் அடங்க வேண்டாம். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அதன் பிள்ளைகளில் எல்லாவற்றுக்கும் அந்தப் பால் வாய்க்கவில்லை. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று முதுகில் எழுதி ஒட்டியிருக்காது. அதனால் குச்சிப்பூச்சி வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒச்சம்மாவின் வழியையே பிடித்துக்கொண்டார்கள். அன்று முதல்தான் அவர்கள் முகத்தைத் தள்ளி வைத்து, கைக்குப் பதில் குச்சியை நீட்டுகிறார்கள். அது ஏறினால் ஏறும், ஏறாவிட்டால் எப்பேர்ப்பட்ட மணியக்காரரானாலும் காத்துத்தான் நிற்க வேண்டும்.