கத்தி உறைக்குத் தளர்முடிச்சு வந்த கதை

அந்தக் காலத்தில் கத்திக்கும் வாய் இருந்தது. கரடி பேசியது, பாறைத் தேனீ பேசியது, மனிதன் இடுப்பில் கிடந்த சின்னக் கத்தியும் சேர்ந்து பேசியது. பேசுகிற ஒன்றைக் கட்டிப்போடுவது மரியாதை இல்லை என்று மலைச்சனங்கள் நினைத்தார்கள். மூங்கில் குழாயில் ஓர் உறை செய்து, கத்தியை அதில் செருகி, "உள்ளேயே இருப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். கத்தியும் சரி என்னும். பெரும்பாலும் சொன்னபடி இருக்கவும் செய்யும்.

ஆனால் அதற்கு ஒரு குணம். விறைப்பாக நிற்கிற எதைக் கண்டாலும் நாக்கு ஊறும். வில்லின் நாண், இழுத்துக் கட்டிய கொடி, முளையடித்துக் காயவைத்த தோல், எதுவானாலும் சரி. துவண்டு கிடப்பதை மட்டும் திரும்பியும் பார்க்காது.

அந்த மலையில் சடையன் என்று ஒருவன். அவன் அக்கா பொம்மியைக் கரியனுக்குக் கொடுத்திருந்தார்கள். தேன் எடுக்கப் பாறையில் ஒருவன் இறங்கினால், மேலே கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். கூடப்பிறந்தவளை அறுதலியாக்க எவனுக்கு மனசு வரும்? அதனால் கரியன் இறங்கும்போதெல்லாம் சடையன்தான் மேலே.

அன்று இருவரும் கிளம்பும்போது, நிறைமாதமாக இருந்த பொம்மி வாசலில் வந்து நின்றாள்.

"சடையா, உன் இடுப்புக் கத்திய எதாலயாவது கட்டிட்டுப் போ. நேத்தெல்லாம் வில்லு நாணையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்குச் சரியாப் படல."

"வாய் பேசறதை எப்படிக்கா கட்டறது? அது மனசு நோகாதா?"

"நான் எங்கயும் போகமாட்டேன் பொம்மி" என்றது கத்தி, தேனொழுக. சடையனுக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் நல்லவன் என்று பெயர் எடுத்தவனுக்கு இப்படித்தான் புத்தி வேலை செய்யாது.

பாறை உச்சியில் ஒரு வேங்கை மரம். முப்புரியாக முறுக்கிய கொடிக்கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைச் சடையன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒரு காலை வேரில் முட்டுக் கொடுத்தான். புகைக்கட்டோடு கரியன் கீழே இறங்கினான். கயிறு விண்ணென்று நின்றது.

அந்தப் பாறைத் தேனீக்கள் மனிதரோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தன. புகையைப் பொறுத்துக்கொள்வோம், பாதி அடையை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுக்கும்போது மனிதக் குரல் கேட்கக்கூடாது. கேட்டால் அத்தனை தேனீயின் கொடுக்கும் கயிற்றில் தொங்குகிறவன் உடம்பில்தான் இறங்கும்.

கரியன் அடையில் கைவைத்த நேரம், சடையனின் இடுப்பில் என்னவோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தான். மூங்கில் உறை காலியாக இருந்தது.

கத்தி பாறைமேல் வயிற்றால் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. மரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில், கயிறு மிக விறைப்பாக நின்ற இடத்துக்கு நேராக.

சடையன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கையை எடுத்தால் மச்சான் போனான். கத்தினாலும் போனான். உதட்டை மட்டும் அசைத்து, தனக்கே கேட்காத குரலில் சொன்னான்: "வந்துரு. உள்ள வந்துரு."

"ஒரே ஒரு புரி" என்றது கத்தி. "என்னால முடியல சடையா. இவ்வளவு விறைப்பா நான் எதையும் பாத்ததில்ல."

"கீழ என் மச்சான் இருக்கான்."

"தெரியும். அதனாலதான் இவ்வளவு விறைப்பு."

அதன் குரலில் கோபம் இல்லை, பகையும் இல்லை. பசி மட்டும்தான் இருந்தது. அதுதான் இன்னும் மோசம். பகை என்றால் காலில் விழலாம், சமாதானம் பேசலாம். இதனிடம் என்ன பேசுவது?

தக் என்றது கயிறு. ஒரு புரி அறுந்து சுருண்டது. கீழே கரியனின் உடம்பு குலுங்கியது கயிறு வழியாகச் சடையன் கைக்குத் தெரிந்தது. உடனே, தூக்கு என்பதற்கு அடையாளமாக ஓர் இழுப்பு வந்தது. தூக்க நேரம் ஏது? கத்தி அடுத்த புரியில் அலகை வைத்துவிட்டது.

வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா முகம் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. வெறுங்கையோடு போய் அந்த முகத்தில் எப்படி விழிப்பது? அவன் தன் காலைப் பார்த்தான். கரியனின் முழுப் பாரத்தையும் தாங்கி, வேரில் ஊன்றிய காலின் குதிநரம்பு தோலுக்கடியில் புடைத்து நின்றது.

"இங்க பாரு" என்று உதட்டை அசைத்தான். "கயித்தைவிட இது விறைப்பு."

கத்தி தலையைத் திருப்பியது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கயிற்றை விட்டு இறங்கி அவனிடம் ஊர்ந்து வந்தது. வரவர அவனுக்குக் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை.

அது அறுத்தது.

தோளைக் கடித்துக்கொண்டு அலறலை விழுங்கினான் சடையன். நரம்பு அறுந்ததும் கால் துவண்டுபோனது. விறைப்பு போன இடத்தில் கத்திக்கு ஒன்றும் ஓடவில்லை. "எங்க போச்சு? இப்ப இருந்துச்சே" என்று சதையில் சிக்கிக்கொண்டு புலம்பியது. அது புலம்பிக்கொண்டிருக்கையிலேயே அவன் மரத்தில் முதுகைச் சாய்த்து, மற்றக் காலை ஊன்றி, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான்.

மேலே ஏறிவந்த கரியன், தரையெல்லாம் ரத்தத்தையும் அறுந்த புரியையும் பார்த்தான். கத்தியைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசக் கையை ஓங்கினான்.

"வேண்டாம் மச்சான்" என்றான் சடையன் மெதுவாக. "நாளைக்கு அக்காவுக்குப் பிள்ளை பிறந்தா தொப்புள்கொடிய எதால அறுப்பே? பல்லாலயா?"

கரியனின் கை தாழ்ந்தது. கத்தியை உறையில் திணித்து, நார் உரித்து எடுத்தான்.

"கட்டுங்க" என்றது கத்தி. "தப்பு என்மேலதான். நல்லா இறுக்கிக் கட்டுங்க. அசைய முடியாதபடிக்கு."

கரியன் நாரை இழுத்து இறுக்கினான். அந்த நார் விறைத்ததைப் பார்த்ததும் சடையனுக்குப் புரிந்துவிட்டது. எட்டி மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இறுக்காதே. அது கேக்கறதே அதுக்குத்தான்."

நாரைத் தானே வாங்கி, கத்திப் பிடியின் கழுத்தில் ஒரு வளையமாகப் போட்டு, உறையோடு சேர்த்து, தொளதொளவென்று முடிந்தான். கத்தி உள்ளே முட்டியது. வளையம் கூடவே நகர்ந்தது, அறுபடவில்லை. மறுபடி முட்டியது. மறுபடி நகர்ந்தது. கத்தி கெஞ்சியது, திட்டியது, கடைசியில் அழுதது. அதன் பிறகு அது வாய் திறக்கவே இல்லை.

சடையன் மச்சான் முதுகில் வீடு வந்து சேர்ந்தான். பொம்மி அவன் காலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு சடையன் நேராக நடந்ததும் இல்லை.

அன்று முதல்தான் அந்த மலையில் உறைக் கத்தியை இறுக்காமல் தளர்முடிச்சில் கட்டுகிறார்கள். பாறையில் இறங்குகிறவன், மேலே நிற்கும் மச்சானின் இடுப்பில் கைவைத்து, அந்த முடிச்சைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்க்கிறான். பார்த்த பிறகுதான் காலைப் பள்ளத்தில் வைக்கிறான்.