உலகநாதன் சாப்பிடாத இட்லி

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் இளைத்துக்கொண்டே போனார்.

உலகநாதனுக்கு நாற்பத்தொரு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.எஸ்சி. முடித்தவர். கம்பெனி அந்தப் பிரிவை மூடிவிட்டு செட்டில்மென்ட் பணத்தைக் கையில் கொடுத்தது. அன்றைக்கு அவர் மனைவி கோமதி சொன்ன முதல் வார்த்தை, "போய் மேல படிங்க" என்பதுதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

அப்படித்தான் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்தார். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு. பாடம் எடுக்கும் பேராசிரியர் ஜெபசீலியே அவரைவிட ஐந்தாறு வயது இளையவர். முதல் நாள் ஜெபசீலி வாய்தவறி அவரை "சார்" என்று கூப்பிட்டுவிட, வகுப்பு கொல்லென்று சிரித்தது. உலகநாதன் எழுந்து நின்றார்.

"பேர் சொல்லியே கூப்பிடுங்க மேடம். படிக்க வந்திருக்கறது நானுங்க."

அன்றோடு சிரிப்பு நின்றது. பையன்கள் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே இரண்டு வருடத்துக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், ஊருக்குப் போய்வர பஸ் காசு. கோமதி தைத்துச் சம்பாதிப்பது வீட்டுக்கும் மகளின் படிப்புக்கும். அதில் ஒரு ரூபாய்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

ஆனால் செலவு என்றைக்கு யார் பேச்சைக் கேட்டது? முதல் மாதமே கணக்கைத் தாண்டி ஓடியது. உலகநாதன் வெட்ட ஆரம்பித்தார். முதலில் சாயங்கால டீயை வெட்டினார். அப்புறம் ஊருக்குப் போவதை வெட்டினார். புத்தகம் வாங்குவதை விட்டுவிட்டு நூலகத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். கடைசியில் காலை டிபனையும் வெட்டினார். விடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நூலக வாசலில் போய் நிற்பார். யாராவது கேட்டால், "எனக்குக் காலைல சாப்பிட்டுப் பழக்கமில்லை" என்று ஒரு பொய். பொய்க்கு ஒத்துப்போக வயிற்றுக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அது கத்தும்.

இவ்வளவு வெட்டியும், இரண்டாம் வருடத்துக்குக் கட்டணம் கூடிவிட்டது என்ற அறிவிப்பு ஒருநாள் பலகையில் ஒட்டப்பட்டது.

மறுநாள் மாலை, ஜெபசீலியின் அறைக் கதவைத் தட்டினார். கையில் கணக்கெழுதிய தாள்.

"எத்தனை வாட்டி கூட்டிப் பார்த்தாலும் ஒரு செமஸ்டர் கட்டணம் துண்டு விழுகுதுங்க மேடம்."

ஜெபசீலி தாளை வாங்கிக்கொண்டார்.

"இதுல இன்னும் எதை வெட்டலாம்னு நீங்க சொல்லுங்க. வெட்ட ஒண்ணுமில்லைன்னா டிசி வாங்கிட்டுப் போயிடறேனுங்க."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"கோமதிகிட்டங்களா? இன்னும் இல்லைங்க. எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்றது? போய்ப் படிங்கன்னு அனுப்பிச்சதே அவதானுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெபசீலி அவரைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"கூடப் படிக்கற ஷாகுலுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சுங்க. நேத்து ராத்திரி வகுப்புப் பசங்களைக் கூட்டிக்கிட்டு ரூமுக்கே வந்துட்டான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிடறாங்களாம். வேலைக்குப் போனப்புறம் மெதுவா திருப்பிக் குடுத்தா போதுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றதுங்க? நான் உங்கப்பன் வயசுக்காரன்டா, பசங்க காசுல படிக்கற கேவலம் எனக்கு வேண்டாம்னு கதவைச் சாத்திட்டேன்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜெபசீலி தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

"காலை டிபனைக் காணோமே?"

"அதை ஆவணியிலேயே வெட்டியாச்சுங்க."

"அதனால எவ்வளவு மிச்சம்?"

"அது ஆகுமுங்க ஒரு நல்ல தொகை. சாப்பாட்டு வரிக்கு எதுத்தாப்புல எழுதியிருக்கேன் பாருங்க."

ஜெபசீலி பார்த்தார். உதட்டோரம் ஏதோ வந்தது. சிரிப்பு மாதிரியும் இருந்தது, சிரிப்பு இல்லாத மாதிரியும் இருந்தது.

"நாளைக்குக் காலைல மெஸ்ஸுக்கு வாங்க. நானும் வர்றேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலைங்களே மேடம்?"

"நாளைக்கு என்ன டிபன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இட்லி. வந்துடுங்க."

பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிற எல்லோருக்கும் ஒரே மெஸ். உலகநாதன் மதியமும் இரவும் மட்டுமே அதைப் பார்த்தவர். காலை வெயிலில் அது வேறு இடம் மாதிரி இருந்தது. சாம்பார் வாசம் வாசலிலேயே வந்து கையைப் பிடித்து இழுத்தது. ஜெபசீலி விருந்தினர் டோக்கன் ஒன்று வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். உலகநாதன் தட்டை எடுக்காமல் நின்றார்.

"இன்னிக்குச் சாப்பிட்டா பில்லு ஏறுமுங்களே."

"ஏறாது. தட்டை எடுங்க."

"ஏறாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எடுங்க, சொல்றேன்."

இட்லியும் வடையும் வாங்கிக்கொண்டு இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நாலைந்து மேசை தள்ளி அவருடைய வகுப்புப் பையன்கள். அவர் வந்ததைப் பார்த்ததும் அங்கே பேச்சு அடங்கியது. முந்தாநாள் ராத்திரி கதவைச் சாத்தியதிலிருந்து யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அது அவருக்கு உள்ளே வலித்துக்கொண்டுதான் இருந்தது.

ஜெபசீலி கையை உயர்த்தினார்.

"ஷாகுல், இங்க வாங்க. இந்த மாசம் நீங்கதானே மெஸ் செகரட்டரி?"

ஷாகுல் எழுந்து வந்தான். உலகநாதனைப் பார்க்காமல் ஜெபசீலியை மட்டும் பார்த்து நின்றான்.

"ஆமா மேடம். மாசம் ஒருத்தர்."

"பில் எப்படிப் போடறீங்க?"

"டிவைடிங் சிஸ்டம்தான் மேடம். அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர், சமையல்காரங்க சம்பளம்னு மாசச் செலவு மொத்தத்தையும் கூட்டி, இத்தனை தலைன்னு வகுத்துடுவோம். எல்லாருக்கும் ஒரே பில்."

"நான் ஒரு இட்லி சாப்பிட்டா?"

"அதே பில்தான்."

"பத்து இட்லி?"

"அதே பில்தான். ஜோயலைப் பாக்கலையா மேடம்?"

"சாப்பிடவே வரலைன்னா?"

"ஊருக்குப் போறேன்னு முன்னாடியே எழுதிக் குடுத்து, தொடர்ச்சியா பத்து நாள் இல்லைன்னா கழிப்போம். விடுதியில இருந்துக்கிட்டு வரலைன்னா ஒண்ணும் கழியாது. அதான் எல்லாருக்கும் தெரியுமே."

எல்லோருக்கும் தெரியும். உலகநாதனுக்குத் தெரியாது. திருப்பூரில் கல்யாணத்துக்கு முன்னால் அவர் சாப்பிட்டது டோக்கன் மெஸ். கிழிக்காத டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும். உலகத்து மெஸ் எல்லாம் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். பில் போனில் வரும், கட்டிவிடுவார். காலையில் சாப்பிட்டிருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்குமோ என்று ஒவ்வொரு மாதமும் மனதைத் தேற்றிக்கொள்வார். பக்கத்து அறைப் பையனிடம் உனக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். அடுத்தவனிடம் காசைப் பற்றிக் கேட்பதா? அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

வகுத்தல் தெரியாதவர் அல்ல. தெரிந்ததால்தான் கையில் பிட்டெடுத்த இட்லி கையிலேயே நின்றது.

"அப்ப நான் வராத நாளுக்கெல்லாம்?"

ஷாகுல் இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"எது, காலையிலயா? அதுக்கும் சேத்துத்தாண்ணே கட்டியிருக்கீங்க." அவன் முகம் மெல்ல மாறியது. "அண்ணே, பழக்கமில்லைன்னு சொன்னீங்க... காசு மிச்சம் பிடிக்கவா வராம இருந்தீங்க?"

உலகநாதன் பிட்டெடுத்த இட்லியைத் தட்டில் வைத்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"அய்யோ, என்னண்ணே நீங்க!" என்றான் ஷாகுல். கோபமும் அழுகையும் கலந்த குரல். அடுத்த நிமிடம், அந்த வயசுக்கே உரிய குணம், எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தன் மேசையைப் பார்த்துக் கத்தினான்.

"டேய்! ஆவணியிலேருந்து நாமதான்டா அண்ணன் இட்லியைத் தின்னுக்கிட்டு இருக்கோம்! காசு கட்டினது அவரு, சாப்பிட்டது நாம!"

மேசை ஒரு கணம் விழித்தது. பிறகு ஜோயல் எழுந்தான். மெஸ்ஸில் மூன்றாவது ரவுண்டு இட்லிக்கு வரிசையில் நிற்கிற ஒரே ஆள் அவன்தான்.

"அதான் எனக்குத் தினமும் மிஞ்சிச்சா! அண்ணே, உங்க இட்லி நல்லா பூ மாதிரி இருந்துச்சுண்ணே. நன்றி!"

"உங்க வடையும்தாண்ணா!" என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு பெண்.

மெஸ் முழுக்கச் சிரிப்பு. ஜோயல் கும்பிடு ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தான். ஷாகுல் ஓடிப்போய் இரண்டு வடையை எடுத்துவந்து உலகநாதனின் தட்டில் வைத்துவிட்டுப் போனான். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டான்.

உலகநாதன் கொஞ்ச நேரம் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை குனிவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அங்கே சட்னி வாளிக்கு அடிபிடி நடந்துகொண்டிருந்தது.

"இத்தனை மாசம் நான் பட்டினி மேடம்," என்றார் மெதுவாக. "வயித்துல ஈரத்துணி கட்டாத குறை."

"தெரியுது."

"அந்தக் காசைத் திருப்பிக் கேக்கலாமுங்களா?"

"கேக்கலாம். கேக்கறீங்களா?"

உலகநாதன் ஜோயலைப் பார்த்தார். வாய் நிறைய இட்லியோடு அவன் இவருக்குக் கையசைத்தான்.

"சேச்சே. புள்ளைங்க சாப்பிட்டதைப் போய் யாராச்சும் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்களா?"

"எப்படிங்க கேக்கறது? வகுப்புல ஒண்ணா உக்காந்திருக்கறோம். தின்னா தின்னுட்டுப் போறாங்க, எங்கே போயிடுச்சு?"

"சரி. தெரியாமத்தானே சாப்பிட்டாங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சே. ஒருத்தருக்காவது தொண்டையில சிக்கின மாதிரி இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

உலகநாதன் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"எங்கீங்க... இன்னும் ரெண்டு வெச்சுக்கிட்டில்ல திங்கறானுக."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் நிறைந்தது. மேல்துண்டு இல்லாததால் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"வெக்கங்கெட்ட பசங்க, மேடம்."

ஜெபசீலி காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆமா. பசங்க காசுல படிக்கப்போற ரெண்டாம் வருஷத்துல உங்களுக்கு அதுதான் பாடம்."