காலிப் பானைக்காரி

எங்கள் கொன்றைப்பட்டணத்து அரசவையில் என்னைவிடப் புத்திசாலி கிடையாது. நம்பாதவர்கள் என்னையே கேட்டுப் பார்க்கலாம்.

ஒருநாள் ராஜா கேட்டார்: "தாண்டவராயா, நம் வைத்தியசாலைத் தாதிகளில் யாருக்கு நோயாளிகள்மேல் அக்கறை அதிகம்? அளந்து சொல்ல முடியுமா?"

"அதை எப்படி அளப்பது?" என்று முணுமுணுத்தார் அரண்மனை வைத்தியர். விவரமான மனிதர். நான் விடுவேனா?

"ஆளுக்கொரு பானை வைப்போம் மகாராஜா! நோயாளி கூப்பிட்டுத் தாதி போனால், அவள் பானையில் ஒரு புளியங்கொட்டை. பத்தே நாளில் தெரிந்துவிடும்."

சபை கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராம் நாள் பானைகள் வந்தன. அங்கம்மாளின் பானை நிரம்பி வழிந்தது. மூக்காயியின் பானையில் ஒரு கொட்டைகூட இல்லை.

"நாளை அங்கம்மாளுக்குப் பட்டுப்புடவை. மூக்காயிக்கு நாளையோடு வேலை இல்லை" என்றார் ராஜா.

"சரிங்க. இப்ப கட்டு மாத்துற நேரம்" என்று மூக்காயி கிளம்பிவிட்டாள். எனக்கு என்னவோ உறுத்தியது. பின்னாலேயே போனேன்.

அவள் பார்க்கும் கூடத்தில் கால் முறிந்த சிப்பாய் ஒருவன் படுத்திருந்தான். "ஏனப்பா, இவளை ஒருதரம்கூடக் கூப்பிடவில்லையா?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சாமி கூப்பிடணும்? தாகம் எடுக்குமுன்னே தண்ணி வந்துடுது. கால் கடுக்குதுன்னு நெனைக்கிறப்பவே தலகாணியை மாத்தி வச்சிடுது அந்தம்மா."

அடுத்தது அங்கம்மாளின் கூடம். "தண்ணி! தண்ணி!" என்று கத்திக் கத்தி அங்கே எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. ஏழாவது கூப்பாட்டுக்கு அசைந்து வந்த அங்கம்மாள், பானை சபைக்குப் போனதை மறந்து, கொட்டை போட அதைத் தேடினாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் மேதாவித்தனத்தால் ஒரு நல்லவளின் பிழைப்பில் மண் விழப்போகிறது.

மறுநாள் ராஜா சாப்பிட்டுக் கை கழுவியதும், மடித்த வெற்றிலை அவர் விரலுக்கு வந்து சேர்ந்தது. நான் குறுக்கே புகுந்தேன்.

"மகாராஜா, இந்த வெற்றிலைக்காரரையும் நீக்கிவிடலாம்."

"ஏன்?"

"இன்று அவரைக் கூப்பிட்டீர்களா?"

"இல்லை."

"நேற்று?"

"நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? நினைக்குமுன்பே வெற்றிலை..." ராஜா பாதியில் நிறுத்தினார். "மூக்காயியும் இப்படித்தானா?"

"ஆமாம் மகாராஜா. என் பானை அளந்ததெல்லாம் நோயாளிகளின் தொண்டையைத்தான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பட்டுப்புடவை மூக்காயிக்குப் போனது. வேலையும் நிலைத்தது.

"அப்படியென்றால் உன் அளவுப்படி, இந்தச் சபையிலேயே அக்கறையானவன் நீதான். நேற்று உன்னை எத்தனை தரம் கூப்பிட்டேன், தெரியுமா?"

"ஒன்பது தரமாம் மகாராஜா" என்றேன். "ஒன்பதாவதுக்குத்தான் எனக்கு விழிப்பே வந்தது."