இலுப்பைத்தோப்பின் கல் வௌவால்கள்

முன்னொரு காலத்திலே, மலைகளும் மேகங்களும் பேசிக்கொண்டிருந்த நாளிலே, மருதவேலி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே பெரிய இலுப்பைத்தோப்பு. தோப்பு முழுக்க வௌவால்கள். தோப்பையொட்டிச் செக்காட்டிப் பிழைத்தாள் செண்பகவடிவு. அவள் ஆட்டிய இலுப்பெண்ணெயில்தான் ஊர் விளக்கெல்லாம் எரிந்தது.

அந்நாட்டு ராஜா கீர்த்திசேனனுக்கோ வௌவாலின் கீச்சொலி கேட்டாலே எரிச்சல். ஒரு மந்திரவாதியை வரவழைத்தான்.

"வௌவால்கள் வேண்டாமா, மகாராஜா?" என்று கேட்டான் மந்திரவாதி.

"வேண்டாம்!"

"யோசித்துச் சொல்லுங்கள்."

"வேண்டாம்!"

"கடைசியாகக் கேட்கிறேன்."

"வேண்டாம் என்றால் வேண்டாம்!"

அவ்வளவுதான். அத்தனை வௌவால்களும் கருங்கல்லாகிக் கிளைகளில் தொங்கின.

முதல் வருஷம் இலுப்பை பூத்தது. மணம் ஊரையே மயக்கியது. பூவுக்குப் பூ தாவி மகரந்தம் சேர்க்க வௌவால் இல்லாததால், பூவெல்லாம் உதிர்ந்ததே தவிர, காய்க்கவில்லை. இரண்டாம் வருஷம் செக்கு நின்றது. வீதி வீதியாக விளக்குகள் அணைந்தன. மூன்றாம் வருஷம், தின்ன ஆளில்லாத பூச்சிகள் புகைபோல எழும்பி வந்து நெல்வயலை மொட்டையடித்தன. பிள்ளைகள் பசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள்.

செண்பகவடிவுக்கு மனசு கேட்கவில்லை. மரமேறி ஒரு கல் வௌவாலின் மேல் காது வைத்தாள். உள்ளே, மணலில் மழைத்துளி விழுவதுபோல, ஏதோ துடித்தது.

"உயிரோடா இருக்கிறாய்?" என்றாள்.

"கனவில் இருக்கிறேன், வடிவு. கனவிலே பூக்கள் கூப்பிடுகின்றன. போகத்தான் முடியவில்லை" என்றது கல்.

ஏழு மலை நடந்து மந்திரவாதியின் குகைக்குப் போனாள் அவள்.

"ஐயா, வௌவால்களின் மந்திரக்கட்டை அவிழ்த்துவிடுங்கள்."

"கட்டியது நானா, அம்மணி? ராஜாவின் சொல் அல்லவா கட்டியது! 'வேண்டும்' என்று அவரே ஒவ்வொன்றின் காதிலும் சொல்லட்டும். மனசிலிருந்து வர வேண்டும். வாயளவில் சொன்னால் கல் கல்லாகவே கிடக்கும்."

அரண்மனைக்கு ஓடினாள். ராஜா சீறினான். "நான் மரமேறுவதா? வௌவாலிடம் கெஞ்சுவதா?"

"கெஞ்ச வேண்டாம், மகாராஜா. ஒரே ஒரு தடவை காது வைத்துக் கேளுங்கள், போதும்."

வேண்டா வெறுப்பாக வந்து, ஏறி, காது வைத்தான் ராஜா. பூக்கள் கூப்பிடுவது அவனுக்கும் கேட்டது. தொலைவில், மிக மெல்ல. அவன் கண் நிறைந்தது.

"நீ வேண்டும்" என்றான்.

கல் வெதுவெதுத்தது. பட்டுப்போல ஒரு சிறகு அவன் கன்னத்தை உரசிக்கொண்டு விரிந்தது.

பகல் பகலாக, கிளை கிளையாக ஏறினான். நீ வேண்டும், நீ வேண்டும், நீ வேண்டும். உள்ளங்கை கிழிந்தது, குரல் கம்மியது. நாற்பதாம் நாள் மாலையில், வானத்துக்கே சிறகு முளைத்ததுபோல வௌவால்கள் எழும்பிப் பறந்தன.

இலுப்பை காய்த்தது. நெல் விளைந்தது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். தோப்பைச் செண்பகவடிவின் காவலில் விட்டு, அவளைக் கேட்காமல் ஒரு கிளையும் ஒடிக்கக் கூடாதென்று பறையறைவித்தான் ராஜா.

ஆனால் உச்சிக்கிளையில் ஒரு குட்டி வௌவால் மட்டும் எழவேயில்லை. காது வைத்தால் உள்ளே சத்தமும் இல்லை. "போதும், இறங்குங்கள் மகாராஜா" என்று அவளே சொல்லிப் பார்த்தாள்.

அவன் கேட்கவில்லை. முடி நரைத்த பிறகும், தினமும் பொழுது சாய்கிற வேளையில் மெல்ல மரமேறி, அந்தச் சின்னக் கல்லை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "நீயும் வேண்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவானாம்.