கேட்டை மறித்த டெம்போ

சகலைகளுக்குள் வரும் வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஊரில் ஒருவரும் முன்வரமாட்டார்கள். அதனால்தான் இதை உங்களிடம் கொண்டுவருகிறேன். காது கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

திருப்பூரில் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இரண்டு சகலைகள். மூத்தவள் மரகதத்தைக் கட்டியவர் நாச்சிமுத்து. பழைய டெம்போவில் துணிக்கட்டு ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். இளையவள் வாசுகியைக் கட்டியவர் சென்னியப்பன், பனியன் ஏற்றுமதியில் கை நிறையச் சம்பாதித்தவர். இருவருக்கும் நடுவே ஒரு மனத்தாங்கலும் கிடையாது, சென்னியப்பன் அந்தக் கறுப்புக் காரை வாங்கும்வரை.

கார் வந்த நாளிலிருந்து நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், பொறாமைதான். மாமனாரிலிருந்து மச்சினன்வரை எல்லோரும் அதில் ஏறி ஊர் சுற்றி வந்தாகிவிட்டது. மூத்த மாப்பிள்ளையை மட்டும் யாரும் ஏறச் சொல்லவில்லை. கூப்பிட்டால் முன்சீட்டில்தான் உட்காருவது என்று அவர் மனத்துக்குள் துண்டுகூடப் போட்டுவைத்திருந்தார். பல் துலக்கும்போதும் கண் அந்தக் காரின்மேல், சாப்பிட்டுக் கை கழுவும்போதும் கண் அந்தக் காரின்மேல்.

சென்னியப்பன் அதைப் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தார். கேமரா மாட்டினார். பொத்தானை அழுத்தினால் திறக்கும் கேட் போட்டார். சுடலையாண்டி என்று ஒரு காவல்காரரை வைத்தார். ஸ்டியரிங்கைப் பூட்ட இரும்புப் பூட்டு ஒன்று வாங்கி, மாட்டினால் கீறல் விழுமே என்று அதைப் போர்ட்டிகோ ஆணியில் தொங்கவிட்டார். அந்தக் காருக்குச் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், கதவு திறக்கும், வண்டி கிளம்பும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கருவியைப் பிடித்து, அந்தப் பக்கம் இருக்கும் சாவியின் சிக்னலைத் திருடர்கள் இழுத்துவிடுவார்கள், சாவியைத் தகர டப்பாவில் போட்டு உள்ளறையில் வையுங்கள் என்று காரை விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் புது வண்டிச் சாவி, வண்டி ஓடாத நேரமெல்லாம், ஒரு மண்டலம் சாமி காலடியில் இருக்கவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். சாமியறையோ போர்ட்டிகோச் சுவரை ஒட்டி இருந்தது.

மாமனார் வீட்டுக் கிடாவெட்டு வந்தது. சொந்தபந்தம் மொத்தமும் கூடும் இடத்தில் அந்தக் கார் போய் நிற்பதை நாச்சிமுத்துவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முதல் நாள் சாயங்காலம் டெம்போவைச் சகலை வீட்டுக் கேட்டை அடைத்து நிறுத்தினார். கியரில் போட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போனார்.

காலையில் சென்னியப்பன் வந்து கேட்டதற்கு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார்.

"பேட்டரி போயிருச்சுங்க தம்பி. பிரேக்கும் புடிச்சுக்கிச்சு. ஞாயித்துக்கெழமை மெக்கானிக்குக்கு எங்க போறது?"

உள்ளே மரகதம் பீரோவில் வேட்டி எடுக்கும்போது அடியில் அந்த ஒயர் கிடந்தது. பார்த்தாள். வேட்டியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாடகை வேனில் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள், கார் வீட்டில் நின்றது. அன்று நாச்சிமுத்து கறிச்சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி வந்தால் தெருவே கூடி நின்றது. நடந்தது கேமராவில் இருந்தது. மத்தியானம் சுடலையாண்டி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இரண்டு பேர் சுவரேறிக் குதித்திருக்கிறார்கள். ஒருவன் கருவி வைத்த ஒரு பையைச் சாமியறைச் சுவரோரம் பிடித்தான். கார் கண்ணைச் சிமிட்டித் திறந்துகொண்டது. உள்ளிருந்த பொத்தானை அழுத்திக் கேட்டையும் திறந்தார்கள். எதிரே டெம்போ. தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. கண்ணாடியை உடைத்து ஒருவன் கியரைத் தளர்த்த, டெம்போ நகரத் தொடங்கியது. அதற்குள் சுடலையாண்டி டீ கிளாசைப் போட்டுவிட்டுக் கூச்சலிட்டுக்கொண்டே ஓடிவர, இருவரும் காரை விட்டுவிட்டுத் தப்பினார்கள். துரத்தியதில் அவருக்கு முழங்கால் பெயர்ந்துவிட்டது.

சென்னியப்பன் கண் கலங்கி நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டியக் காப்பாத்துனது நீங்கதானுங்கண்ணா. பழனிக்குப் போறப்ப முன்சீட்டுல நீங்கதான் உக்காரோணும்."

மாமனார் ஒப்பவில்லை. ஓடிவந்து துரத்தியவர் சுடலையாண்டி, மரியாதை அவருக்கே என்றார். வாசுகியோ, சாவி யார் காலடியில் இருந்ததோ அந்தச் சாமிதான் காப்பாற்றியது, முன்சீட்டில் படத்தை வைத்துக்கொண்டு போவோம் என்றாள்.

நாச்சிமுத்து இத்தனை நாள் ஏங்கிய இடம் அவரைத் தேடி வந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மரகதத்தைப் பார்த்தார்.

"அந்த ஒயரு மேல கெடந்த வேட்டியோட போயித்தான் உக்காரப் போறீங்களா?" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காரைக் காப்பாற்றியது யார்? முன்சீட்டு யாருக்கு?

விடை இதுதான். டெம்போ திருடர்களை மறித்தது உண்மை. ஆனால் அது மறிக்காமல் இருந்திருந்தால் கார் காலையிலேயே கோயிலுக்குப் போயிருக்கும், திருடர்களுக்கு வெறும் போர்ட்டிகோதான் கிடைத்திருக்கும். ஆபத்தை உண்டாக்கியதும் அதுவே, தடுத்ததும் அதுவே. அதற்கு மாலை கிடையாது. சாமி பெயரைச் சொல்லிச் சாவியைச் சுவரோரம் வைத்தது மனிதர்கள், அதில் சாமியை இழுக்கவேண்டாம். சுடலையாண்டி டீக்குப் போனது தப்புதான். என்றாலும் அன்றைக்குக் கார் பிழைக்கவேண்டும் என்று நினைத்து ஒரு காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான். நாச்சிமுத்துவும் இதையேதான் சொன்னார். பேட்டரி ஒயரைக் கொண்டுவந்து சகலை கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். சென்னியப்பன் ஒயரை வாங்கிக்கொண்டு, "உங்களக் கூப்புடாம இருந்தது என் தப்புங்கண்ணா" என்றார். பழனிக்குப் போனபோது சுடலையாண்டி முன்னால், நாச்சிமுத்து பின்னால். தாராபுரம் தாண்டும்வரை நாச்சிமுத்துவின் கண் சுடலையாண்டியின் பிடரியிலேயே இருந்தது.